காக்கையும் பனம்பழமும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் சமணக் காப்பியம் ஒன்றைப் பற்றித்தான் எழுதித் தருவேன் என்று அவர் எண்ணியிருப்பார். நானும் நீலகேசியில் சில குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் ஒரு நாள் இரவு, கடை அடைக்கிற நேரத்தில், என் பேரன் செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினான். “தாத்தா, சுனாமி வரப்போவுதுன்னு கமல் முன்னாடியே சொல்லிட்டாரு, பாத்தீங்களா?” என்றான். ‘அன்பே சிவம்’ படத்திலிருந்து வெட்டிய ஒரு துண்டு. மேலே ‘தீர்க்கதரிசி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சிரித்துவிட்டு ஷட்டரை இறக்கியிருக்கலாம். முடியவில்லை. அதே வியப்பை இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் முன்னிலையில் கேட்டிருக்கிறேன். அன்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடுவதே இக்கட்டுரை.

முதலில் அவையடக்கம். நான் கல்லூரிப் படிக்கட்டு ஏறாதவன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, 1988இல் ஹெப்பகோடிக்கு வந்து அரிசி மண்டி வைத்தவன். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே படித்ததுதான் என் படிப்பு. குற்றம் இருப்பின் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள்க.

விரிச்சியும் தற்குறிப்பும்

தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றாகச் சேர்ந்து வந்தால், ‘காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’ என்கிறோம். வடமொழியார் இதையே காகதாலீய நியாயம் என்பர். இந்தப் பழமொழியைக் கேலிக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். ஆனால் இதற்குள் ஒரு நல்ல ஆராய்ச்சி முறையே இருக்கிறது. பழம் விழுந்ததற்குக் காரணம் காக்கை அன்று, காம்பு. கனிந்து காம்பு தளர்ந்த பழம், காக்கை வராவிட்டாலும் விழும். ஆகவே தற்செயல் ஒன்றைக் கண்டால் காக்கையைப் பார்க்காமல் காம்பைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விதியைத்தான் கட்டுரை முழுவதும் பயன்படுத்தப் போகிறேன்.

தற்செயலில் பொருள் தேடுவது மூடத்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. அப்படித் தள்ளினால் சங்க இலக்கியத்தில் பாதியைத் தள்ள வேண்டிவரும். முல்லைப்பாட்டைப் பாருங்கள். போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை. முதிய பெண்கள் நாழி நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறத்துக் கோயிலுக்குப் போய், நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அங்கே தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று ஓர் இடைப்பெண் தேற்றுகிறாள். இவர்கள் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் பேசியது கன்றோடு. ஆனால் காத்திருந்த பெண்கள், தலைவன் வருவான் என்பதற்கு அதுவே குறி என்று எடுத்துக்கொண்டு போய்த் தலைவிக்குச் சொல்கிறார்கள். இதற்கு விரிச்சி என்று பெயர். தொல்காப்பியம் வெட்சித் திணையிலேயே விரிச்சி பார்த்தலைச் சொல்கிறது.

சீவகசிந்தாமணியில் இதைவிடச் சிறிய தற்செயல் ஒன்று உண்டு. சுடுகாட்டில் கிடந்த குழந்தையைக் கந்துக்கடன் எடுக்கும்போது குழந்தை தும்முகிறது. ‘வாழ்க’ என்னும் பொருளில் ‘சீவ’ என்று மறைவிலிருந்து ஒரு குரல். அந்தச் சொல்லே பெயராகிறது. ஒரு தும்மலில் இருந்து ஒரு காப்பியத் தலைவனின் பெயர்!

மூன்றாவதாகச் சிலப்பதிகாரம். பள்ளிக்கூடத்தில் தற்குறிப்பேற்ற அணிக்கு ஆசிரியர் தந்த எடுத்துக்காட்டு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. வராதீர்கள் என்று கை காட்டுவதுபோல அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். கொடி அசைந்தது இயல்பு. எச்சரித்தது என்பது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொன்னது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இளங்கோவடிகள் கதையின் முடிவு தெரிந்தவர். கோவலன் கொலையுண்டது தெரிந்த பிறகுதான் கொடிக்கு வாய் முளைக்கிறது. கோவலன் பிழைத்து ஊர் திரும்பியிருந்தால், அதே கொடிகள் வருக வருக என்று அழைத்திருக்கும்.

ஆக, நம் முன்னோர் இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். விரிச்சி என்பது ஆறுதல். தற்குறிப்பேற்றம் என்பது அணி. இரண்டையும் சாட்சியாக யாரும் வழக்காடு மன்றத்தில் ஏற்றவில்லை. நாம்தான் இப்போது அணியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

அன்பே சிவம் சொன்னது என்ன?

‘அன்பே சிவம்’ 2003ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்தது. கதை, திரைக்கதை கமல்ஹாசன், வசனம் மதன், இயக்கம் சுந்தர் சி. வந்தபோது வசூல் சரியில்லை. பின்னாளில் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்கள் கொண்டாடினார்கள். அந்தப் படத்தில் பேச்சோடு பேச்சாகச் சுனாமி என்ற சொல் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கூட்டிக் கழித்தால் இரண்டு ஆண்டுகூட இல்லை. போதாதா?

இங்கே காம்பைப் பார்ப்போம். சுனாமி என்பது ஜப்பானியச் சொல். ‘த்சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. 1998 ஜூலையில் பாப்புவா நியூகினியில் சுனாமி வந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலகச் செய்திகளில் வந்ததுதான். ஆனந்த விகடனில் ‘ஹாய் மதன்’ பகுதியில் வாசகர்களின் பொது அறிவுக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன மதன்தான் இந்தப் படத்துக்கு வசனம் எழுதினார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. உலகச் செய்தி படிக்கிற இருவர் சேர்ந்து எழுதிய படத்தில் உலகச் செய்தியில் வந்த ஒரு சொல் இருக்கிறது. இதில் தீர்க்கதரிசனம் எங்கே வந்தது? தீர்க்கதரிசி என்று புகழப் போய், படிப்பாளி என்கிற உண்மையான பெருமையை அவர்களிடமிருந்து பறித்துவிட்டோம்.

விமரிசகன் என்ற முறையில் எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று. இந்தப் படமே தற்செயலைப் பற்றிய படம். அதை யாரும் பேசுவதில்லை. புவனேசுவரம் விமான நிலையத்தில் மழையால் இரண்டு அந்நியர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் விளம்பரப் படம் எடுக்கும் அன்பரசு. கல்யாணத்துக்காகச் சென்னை திரும்ப வேண்டியவன். மற்றவர் விபத்தில் முகம் சிதைந்த பொதுவுடைமைக்காரர் நல்லசிவம். வழியில் ஒரு ரயில் விபத்து. அடிபட்ட ஒரு சிறுவனுக்கு அன்பரசு ரத்தம் கொடுக்கிறான். சிறுவன் பிழைக்கவில்லை. யார் பெற்ற பிள்ளைக்கோ அவன் அழுவதைப் பார்த்து, அந்த அன்பையே கடவுள் என்கிறார் கடவுளை நம்பாத நல்லசிவம். பிறகு தெரிகிறது, அன்பரசுவின் மணப்பெண்தான் நல்லசிவம் ஒருகாலத்தில் காதலித்தவள்.

ஊரில் இல்லாத பெண்ணா? கதையென்று பார்த்தால் இது பச்சைப் பனம்பழம். வேறு படமாக இருந்தால் நாம் சிரித்திருப்போம். இங்கே ஏன் சிரிப்பு வரவில்லை? விதி எங்களைச் சேர்த்து வைத்தது என்று நல்லசிவம் அந்தத் தற்செயலுக்கு உரிமை கொண்டாடவில்லை. தொழிலாளர் கூலி உயர்வுக்குப் பெண்ணின் தந்தையிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் விலகிப் போகிறார். தற்செயல் தானாக எந்தப் பொருளையும் கொண்டுவருவதில்லை. அது வந்தபின் மனிதன் என்ன செய்தான் என்பதில்தான் பொருள் இருக்கிறது. படம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாமோ அதில் ஒற்றைச் சொல்லை வெட்டி எடுத்துக் கற்பூரம் காட்டுகிறோம்.

‘ஏழாம் அறிவு’ கதையும் இதுதான். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கி 2011 தீபாவளிக்கு வந்த படம். சீனத்திலிருந்து ஒருவன் வந்து இந்தியாவில் கிருமியைப் பரப்புகிறான். 2020இல் கொரோனா வந்ததும் முருகதாசும் தீர்க்கதரிசி ஆனார். இங்கும் காம்பு கண்ணெதிரே தொங்குகிறது. 2002 முதல் 2003 வரை சீனாவில் தொடங்கிய சார்ஸ் நோய் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. 2009இல் பன்றிக்காய்ச்சல் உலகையே சுற்றியது. அதற்கு அடுத்து வந்த படத்தில் கிருமி வராமல் வேறு என்ன வரும்? மேலும், நோய் சீனாவில் தொடங்கியது என்ற அளவுக்குத்தான் படம் பொருந்தியது. கிருமியை ஏவிவிட ஒருவன் வருவதும், போதிதருமர் வழியில் காஞ்சிபுரத்து அறிவு அதைத் தீர்ப்பதும் பொருந்தவில்லை. பொருந்திய துண்டை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டை எந்த வியாபாரியும் நம்பமாட்டான்.

இனி, நான் முதலில் சொன்ன ஆள். அப்போது என் மண்டியில் மூட்டை இறக்கியவர்களில் ஒருவர் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர். கடல் தொழில் வேண்டாம் என்று இங்கே வந்தவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மதியம் செய்தி தெரிந்ததும் ஓசூர் சாலையில் கிடைத்த வண்டியில் ஏறிப் போனார். அக்காவும் அக்காள் பிள்ளைகள் இருவரும் போய்விட்டார்கள். பொங்கல் கழித்துத் திரும்பி வந்தார். கடையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு, கமல் இதை முன்னாடியே சொன்னாராமே என்று வியந்து பேசினார்கள். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏன் அண்ணே, ஒரு சினிமாக்காரருக்குத் தெரிஞ்ச வார்த்தை, கடலோரத்துல இருக்கிற எங்க ஊருக்கு ஏன் அண்ணே தெரியாமப் போச்சு?”

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

தசாவதாரம் போட்ட கணக்கு

இதே கமல்ஹாசன் 2008இல் ‘தசாவதாரம்’ கொண்டுவந்தார். கே. எஸ். ரவிகுமார் இயக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கடலில் போட்ட பெருமாள் சிலையில் தொடங்கி, 2004 சுனாமியில் முடிகிற கதை. உலகையே அழிக்கக்கூடிய கிருமி ஒன்று. அதைச் சுனாமி கொண்டுவந்த உப்புநீர் கொல்கிறது. மூழ்கிய சிலையும் கரைக்கு வருகிறது. எங்கோ நடந்த சிறு செயல் எங்கோ பெரும் விளைவாகிறது என்னும் கருத்தை வைத்துப் பின்னிய கதை. பத்து வேடமும் பெரிய உழைப்பு; மறுக்கவில்லை.

ஆனால் ‘அன்பே சிவ’த்தில் இருந்த அடக்கம் இதில் இல்லை என்பது என் கருத்து. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அலைக்கு, அது பல கோடிப் பேரைக் காப்பாற்ற வந்தது என்று படம் ஒரு கணக்கு எழுதுகிறது. கதாநாயகன் ஐயத்தோடு பேசினாலும் கதையின் கட்டுமானம் அப்படித்தான் நிற்கிறது. இது புதிய கணக்கும் அல்ல. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதற்கு, இந்திர விழா எடுக்கத் தவறியதே காரணம் என்று சொல்லப்படுகிறது. விழா நின்றது ஒன்று. கடல் வந்தது ஒன்று. இரண்டையும் முடிச்சுப் போட்டால் துக்கத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கிறது. செத்தவர்களின் வீட்டார் முன்னால் நின்று அந்த வடிவத்தைச் சொல்ல முடியுமா என்பதே என் உரைகல். நல்லசிவத்தின் சொல்லைத் தேவனாம்பட்டினத்தாரிடம் சொல்ல முடியும். தசாவதாரக் கணக்கை என்னால் சொல்ல முடியாது.

வகர வரிசை

தற்செயல் வேறு, போக்கு வேறு. பிள்ளைகள் டிரெண்டு என்கிறார்களே, அதுதான் போக்கு. இரண்டையும் குழப்புவதால் வரும் வேடிக்கை ஒன்றைச் சொல்கிறேன்.

நடிகர் அஜித்குமாருக்கு ‘வ’ எழுத்து ராசி என்று கடைப் பையன்கள் சாதிப்பார்கள். பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து எண்ணினேன். வான்மதி, வாலி, வில்லன், வரலாறு, வீரம், வேதாளம், விவேகம், விஸ்வாசம், வலிமை, விடாமுயற்சி: பத்து. அவர் நடித்தவை அறுபதுக்கு மேல். பெயர் வாங்கித் தந்த காதல் கோட்டை, அமர்க்களம், தீனா, பில்லா, மங்காத்தா எதிலும் முதலெழுத்து வகரம் இல்லை.

அடுத்துப் பவணந்தி முனிவரைக் கேட்போம். நம் கோலாரோடு தொடர்புடைய கங்க மரபில் வந்த சீயகங்கன் கேட்க, நன்னூல் செய்து தந்த சமண முனிவர் அவர். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை பன்னிரண்டு உயிரும் பத்து மெய்யும்தான் என்று அவர் வரையறுக்கிறார். அந்தப் பத்திலும் ங, ஞ, ய மூன்றும் அரிது. மிஞ்சுவது ஏழு. எனவே தமிழில் யார் பெயர் வைத்தாலும் சுற்றிச் சுற்றி இந்த ஏழுக்குள்ளும் உயிரெழுத்துக்குள்ளும்தான் வர வேண்டும். வகரம் அடிக்கடி வருவதில் பாதி மர்மம் இலக்கணத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி தற்செயலே அல்ல. வீரம், வேதாளம், விவேகம், விஸ்வாசம் நான்கும் சிவா என்னும் ஒரே இயக்குநர் படங்கள். முதலில் ஒன்று ஓடியது. அடுத்ததற்கும் அதே எழுத்தைத் தேடி வைத்தார்கள். எங்கள் தொழிலிலும் இதுதான். ஒருவன் மூட்டையில் ஆரணி என்று அச்சடித்து விற்றால், மறு மாதம் எல்லா மூட்டையும் ஆரணி. தற்செயலாக ஒருமுறை வந்த லாபத்தை மறுபடியும் வரவழைக்கச் செய்யும் முயற்சிக்குத்தான் போக்கு என்று பெயர்.

சில சமயம் போக்கின் காம்பு கஜானாவில் இருக்கும். 2006இல் ‘சம்திங் சம்திங்’ என்ற முன்னொட்டை உதறி ‘உனக்கும் எனக்கும்’ என்ற தூய பெயரோடு ஒரு படம் வந்தது. அடுத்தடுத்து எல்லாப் படத்துக்கும் தமிழ்ப் பெயர். நம் சங்கத்திலேயே ஒருவர், தமிழுணர்வு பொங்கிவிட்டது என்று மேடையில் பேசினார். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று அந்த ஆண்டு தமிழக அரசு அறிவித்திருந்தது. உணர்வு இல்லை என்று சொல்லவில்லை. வரியைக் கணக்கில் எடுக்காமல் உணர்வை மட்டும் அளக்கக் கூடாது என்கிறேன்.

மேலோட்டமான ஒற்றுமையை வைத்து ஆளையே முடிவு கட்டுவதும் நமக்குப் பழகியதுதான். என் கடைப் பலகையில் ஜெயின் என்று பார்த்ததும் ‘சேட்’ என்று கூப்பிட்டு இந்தியில் விலை கேட்பவர்கள் இன்றும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் நயினார்கள் என்று விளக்குவதற்குள் அரிசி அளந்து முடிந்துவிடும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்தபோது நம் ஊர் மெட்ரோ நிலையத்துக்கு ‘பயோகான் ஹெப்பகோடி’ என்று பெயர் வைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து யாராவது பயோகான் என்பது பழங்கன்னடச் சொல் என்று வேர் காட்டினாலும் நான் வியக்கமாட்டேன்.

நூற்றெட்டு

இதுவரை வேடிக்கை. இனிச் சொல்வது நம் எல்லோர் வீட்டிலும் நடந்தது.

2000 ஜூலை 30 இரவு, காஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப் போனான். அந்த நாட்களில் பெங்களூர்த் தமிழர்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நான் ஷட்டரைப் பாதி இறக்கியே வியாபாரம் செய்தேன். தமிழ்ப் பேப்பரை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துப் படித்தேன். பிள்ளைகளிடம், பஸ்ஸில் தமிழில் பேசாதீர்கள் என்று சொன்னேன். அதைச் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

நவம்பர் 15 அன்று ராஜ்குமார் விடுதலையானார். பக்கத்துக் கடை கௌடர் இனிப்புப் பொட்டலத்தோடு என் கடைக்குள்ளேயே வந்துவிட்டார். “நூர எண்டு தினா அண்ணா! தேவரு தொட்டவனு!” என்றார். நூற்றெட்டு நாள், கடவுள் பெரியவர் என்று பொருள். நூற்றெட்டு முறை நாமம் சொல்வது அவருக்கும் வழக்கம். நூற்றெட்டு மணி ஜபமாலை எனக்கும் வழக்கம். மூன்றரை மாதமாக முகம் பார்க்கத் தயங்கிய இருவர் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

எனக்கு வட்டிக் கணக்கு கைவந்த கலை. கடத்திய நாளையும் விட்ட நாளையும் இரண்டையும் சேர்த்து எண்ணினால் நூற்றொன்பது வரும். முதல் நாளை விட்டு எண்ணினால்தான் நூற்றெட்டு. அவர் சொன்ன அந்தக் கணமே என் மனம் எண்ணி முடித்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ஒரு வகையில் அது நூற்றெட்டு. ஒரு வகையில் நூற்றொன்பது. எதையும் ஒரு கோணத்தில் மட்டும் பார்த்து முடிக்காதே என்று அநேகாந்தம் சொல்வதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றுதான் அது எதற்குப் பயன்படும் என்று கண்டேன். கௌடர் கேட்டது கணக்கு அன்று, விரிச்சி. முல்லைப்பாட்டுப் பெண்களைப் போல் அவரும் நானும் ஒரு நற்சொல்லுக்காக ஷட்டருக்குப் பின்னால் காத்திருந்தோம்.

இதே முடிச்சுப் போடும் பழக்கம் எதிர்த்திசையிலும் போகும். 2012 ஆகஸ்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த செய்திகளைச் சேர்த்துக் கட்டிய வதந்தியால், ஆயிரக்கணக்கான வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரிலிருந்து ஒரே வாரத்தில் ரயிலேறிப் போனார்கள். நம் தொழிற்பேட்டைக் காவலாளிகளும் போனார்கள். 2020இல் அதே மக்களின் முகத்தைப் பார்த்து, கிருமியோடு சேர்த்துப் பேசியவர்கள் நாட்டின் பல ஊர்களிலும் இருந்தார்கள். ‘ஏழாம் அறிவு’ துண்டை வேடிக்கையாக அனுப்பிய கை அதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2000இல் நாம் நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார்.

எனவே எனக்குக் கிடைத்த அளவுகோல் இது. ஒரு தற்செயலுக்கு நாம் ஏற்றும் பொருள் அடுத்த கடைக்காரனோடு நம்மைச் சேர்க்கிறதா, அது விரிச்சி, வைத்துக்கொள்ளலாம். யார்மீதாவது பழி போடுகிறதா, அல்லது யாருடைய உழைப்பையாவது மறைக்கிறதா, அப்போது பேரேட்டை எடுத்து வரவு செலவு இரண்டையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

அவர் கேள்விக்குப் பதில்

இருபது ஆண்டு கழித்து, கிடைத்ததைப் படித்து, ஒரு பதில் சேர்த்திருக்கிறேன். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிலநடுக்கம் வந்து, எழுந்த அலையை வங்கக் கடலோரத் துறைமுகங்களில் இருந்த அளவுக் கருவிகள் பதிவு செய்தன. 1883இல் கிரகதோவா எரிமலை வெடித்தபோதும் நம் கரைகளில் அலை பதிவானது. அந்த 1881 பதிவுகளை ஆராய்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எந்த ஆண்டில் தெரியுமா? 2003. ‘அன்பே சிவம்’ வந்த அதே ஆண்டு!

இதுவும் தற்செயல்தான். ஆனால் இதில்தான் எனக்குப் பொருள் தெரிகிறது. பழம் கனிந்திருந்தது. ஆய்வாளர் காம்பை அளந்துகொண்டிருந்தார். கலைஞர் சொல்லை உச்சரித்துவிட்டார். அன்று காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ராவில் நிலம் நடுங்கியது. அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் செய்தியைக் குப்பம் வரை கொண்டுபோக இந்தியப் பெருங்கடலில் ஓர் ஏற்பாடு இல்லை. 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மீண்டும் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, எச்சரிக்கை கேட்டுச் சென்னைக் கடற்கரையில் மக்கள் விலகினார்கள். அன்று பேரலை வரவில்லை. வந்திருந்தாலும் சொல் முன்னால் போயிருந்தது.

இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்ப் பல ஆண்டாகிறது. பேரனிடம்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவன், “அப்போ கமல் தீர்க்கதரிசி இல்லையா தாத்தா?” என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டான்.

“இல்லப்பா. படிச்சவரு. நாமளும் படிச்சிருந்தா நமக்கும் தெரிஞ்சிருக்கும். படிச்சவங்க ஊர் ஊராப் போய்ச் சொல்லியிருந்தா அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

அந்தத் துண்டை அவன் யாருக்கும் அனுப்பவில்லை. படம் முழுவதையும் பார்க்கலாமா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டுப் பார்த்தோம்.